விதைப் புரதமும் சீனி வருத்தமும்: வாசகர் கேள்வி – பதில்

விதைகளில் உள்ள சில புரதங்கள் இரத்தச் சீனியைக் குறைப்பதாக வரும் ஆய்வுச் செய்திகளைப் பார்த்துவிட்டு, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களும் அவர்களின் வீட்டாரும் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி: ஏதோ ஒரு விதையில் இருக்கிற புரதம் இன்சுலின் மாதிரியே வேலை செய்யுதாம் என்று மகளின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. உண்மையா? அந்த விதை இங்கே கிடைக்குமா?

அந்த விதை பெரும்பாலும் லூப்பினாக இருக்கும். பயறு, கௌப்பி, அவரை எல்லாம் சேர்ந்த அதே குடும்பத்துச் செடி. மத்தியதரைக் கடல் நாடுகளில் அதன் விதையை உப்புநீரில் போட்டுக் கொறிப்பார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவில் பெருமளவு பயிராகிறது. அதில் காமா கொங்லூட்டின் என்றொரு புரதம் உண்டு. 2004இல் இத்தாலியின் மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு விடயங்களைக் காட்டினார்கள்: சோதனைக் குழாயில் அந்தப் புரதம் இன்சுலினோடு ஒட்டிக்கொள்கிறது, சீனி ஏற்றப்பட்ட எலிகளுக்கு வாயால் கொடுத்தால் சீனி இறங்குகிறது. பிறகு 2011இல், நோயில்லாத சிலருக்கு மாச்சத்து உணவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோதும் சீனி ஏறும் அளவு குறைந்தது. ஆகவே செய்தி வெறும் கற்பனை அல்ல.

ஆனால் அளவைப் பாருங்கள். 100 கிராம் லூப்பின் விதையில் 35 கிராம் அளவு புரதம் இருக்கும். அதில் காமா கொங்லூட்டின் ஏறத்தாழ 5 வீதம்தான். அதாவது ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் கூட. ஆய்வில் கொடுத்தது அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த தூள். விதையை அவித்து உண்பதும் அந்தத் தூளை அளந்து விழுங்குவதும் ஒன்றல்ல. நீரிழிவுக்கான மருந்தாக அது இன்னும் எந்தப் பார்மசிக்கும் வரவில்லை.

கொழும்புச் சந்தைகளில் லூப்பின் வழக்கமாக விற்பதில்லை. அதைத் தேடி அலைய வேண்டிய தேவையும் இல்லை. ஏன் என்பதை வத்தளை வாசகருக்கான பதிலில் பாருங்கள்.

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர்: இன்சுலினும் புரதம்தான், அது வயிற்றில் செரித்துவிடும் என்பதால்தானே ஊசியாகப் போடுகிறார்கள்? அப்படியென்றால் விதைப் புரதம் மட்டும் எப்படித் தப்பும்?

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். இந்தத் துறையின் முழுச் சிக்கலும் இதுதான்.

இன்சுலின் 51 அமினோ அமிலங்களை இரண்டு சங்கிலிகளாகக் கோத்த ஒரு சிறு புரதம். 1922இல் முதல் நோயாளிக்கு ஊசியாக ஏற்றியதிலிருந்து இன்றுவரை விழுங்கும் இன்சுலின் பொதுப் பாவனைக்கு வரவில்லை. இரைப்பையின் அமிலமும் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதியும் அதை வெட்டிவிடுகின்றன, மிச்சத்தைச் சிறுகுடலில் ட்ரிப்சின் என்ற நொதி வெட்டுகிறது. லூப்பின் புரதத்துக்கும் இதே கதிதான். நடுநிலையான கரைசலில் அது நொதிகளுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும், அமிலத்தில் அவிழ்ந்துவிடும். அவிழ்ந்ததும் பெப்சின் வெட்டும்.

அப்படியிருந்தும் சில விதைப் புரதங்கள் வேலை செய்ய மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, குடலுக்குள்ளேயே வேலையை முடித்துவிடுவது. போஞ்சி விதையில் இருக்கும் ஒரு புரதம் மாச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதியின் வாயை அடைத்துவிடும். அதற்கு இரத்தத்துக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது, வெட்டுப்பட்ட துண்டுகள் வேலை செய்வது. சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஓமோன் சுரந்து, இன்சுலினை விடச் சொல்லிக் கணையத்துக்குச் சேதி அனுப்புகிறது. அந்த ஓமோனை டிபிபி-4 என்ற நொதி ஓரிரு நிமிடத்தில் பாதியாக்கிவிடும். சோயா, கௌப்பி, கடலை போன்றவற்றின் புரதம் செரிக்கும்போது வரும் இரண்டு மூன்று அமினோ அமிலத் துண்டுகள் சில இந்த நொதியைத் தடுக்கின்றன. 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிட்டாக்ளிப்டின் குளிசை தடுப்பதும் இதே நொதியைத்தான். ஆனால் குளிசையின் பலத்தோடு பார்த்தால் உணவுத் துண்டுகளின் பலம் மிக மிகக் குறைவு. ஆய்வுகூடக் கிண்ணத்தில் நல்ல எண் வரும். உடலுக்குள் அந்தத் துண்டுகளில் எவ்வளவு முழுதாகப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் பல ஆய்வுகள் நின்றுவிடுகின்றன.

மூன்றாவது, மருந்துத் தொழில்நுட்பத்தால் காப்பாற்றுவது. ஜிஎல்பி-1 போல வேலை செய்யும் செமக்ளுடைட் என்ற நீரிழிவு மருந்து ஊசியாகத்தான் முதலில் வந்தது. 2019இல் அதைக் குளிசையாக்கினார்கள். உறிஞ்சலுக்கு உதவும் ஒரு சேர்மானத்தைக் கூட்டி, வெறும் வயிற்றில் அரைக் கோப்பைக்கு மேற்படாத தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் வேறெதுவும் உண்ணாமல் இருந்தும், இரத்தத்தில் சேர்வது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். இத்தனை கவனத்தோடு செய்த குளிசைக்கே இதுதான் நிலை என்றால், பாலில் கலக்கிக் குடிக்கும் விதைத் தூளைப் பற்றி நீங்களே கணக்குப் போடலாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி: பாகற்காய் விதையைக் காயவைத்து இடித்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடிக்கிறேன். பாகற்காயில் 'தாவர இன்சுலின்' இருக்கிறதாம். மெட்போமினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறேன். குளிசையைப் பாதியாக்கலாமா?

குளிசையைப் பாதியாக்காதீர்கள். விதைத் தூளை இன்றோடு நிறுத்துங்கள். ஏன் என்று சொல்கிறோம்.

'தாவர இன்சுலின்' என்ற பேச்சு 1981இல் வந்த ஒரு ஆய்விலிருந்து புறப்பட்டது. பாகற்காயிலிருந்து பொலிபெப்டைட்-பி என்றொரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். மூலக்கூற்று எடை 11,000 அளவு. மனிதருக்கும் விலங்குகளுக்கும் கொடுத்தபோது சீனி குறைந்தது. ஆனால் கொடுத்த விதத்தைப் பாருங்கள்: தோலுக்குக் கீழே ஊசியாக. தூளாகக் குடிக்கும்போது நடப்பதை மேலே தெஹிவளை வாசகருக்கு எழுதியிருக்கிறோம். பாகற்காய் விதையில் இன்சுலின் ஏற்பியோடு ஒட்டும் 68 அமினோ அமிலப் புரதம் ஒன்றையும் பின்னர் தைவான் ஆய்வாளர்கள் கண்டார்கள். அது நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் இன்னும் ஆய்வுகூடத்திலும் விலங்குகளிலும் நடக்கும் வேலை.

விதைக்குள் வேறு சாமான்களும் இருக்கின்றன. மொமோர்கரின் என்ற புரதம் உயிரணுக்கள் புரதம் கட்டும் இயந்திரத்தையே நிறுத்தக்கூடியது. விலங்குகளில் கருவைக் கலைத்திருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்களும் பிள்ளைக்கு முயல்பவர்களும் பாகற்காய் விதைத் தூளைத் தொடவே கூடாது. வைசின் என்ற இன்னொன்று, ஜி6பிடி நொதி குறைவாகப் பிறந்தவர்களுக்குச் செங்குருதிக் கலங்களை உடைக்கக்கூடும். அந்தக் குறைபாடு பலருக்கு இருப்பதே தெரியாது.

'விதைதானே, இயற்கைதானே' என்று எழுதியிருக்கிறீர்கள். குன்றிமணியின் நஞ்சு அப்ரின். ஆமணக்கு விதையின் நஞ்சு ரைசின். இரண்டுமே விதைப் புரதங்கள்தான், இரண்டும் ஆளைக் கொல்லும். விதை என்பது செடி தன் பிள்ளைக்குக் கட்டிவைத்த சாப்பாட்டுப் பொதி. அதைத் தின்ன வருவோரைத் தடுக்கக் காவலும் சேர்த்தே வைக்கும்.

மூன்றாவது காரணம் கிளிக்லசைட். உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை எடுக்கும் குளிசை அது. வெறும் வயிறு, கிளிக்லசைட், சீனியைக் குறைக்கும் தூள் மூன்றும் சேர்ந்தால் சீனி கீழே விழலாம். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, நெஞ்சு படபடத்து, பேச்சுக் குழறினால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் அதே அளவு மறுபடியும். மீற்றர் கையில் இல்லாவிட்டால் அதைத் தேடி நேரம் போக்காமல் சீனித் தண்ணீரைக் குடியுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். (அகார்போஸ் குளிசை எடுப்பவர்களுக்குச் சாதாரண சீனி விரைவாக உதவாது, குளுக்கோஸ் தூளே வேண்டும். அவர்கள் ஒரு பெட்டி வீட்டில் வைத்திருக்கட்டும்.)

பாகற்காய்க் கறியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். முற்றிய விதையை வழித்து எறிந்துவிட்டுச் சமையுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர்: 'வெள்ளைப் போஞ்சிச் சாறு' என்று ஒரு குளிசைப் போத்தல் வெளிநாட்டிலிருந்து வந்தது. சோற்றுக்கு முன் இரண்டு போட்டால் சோறு உடம்பில் சேராதாம்.

மேலே சொன்ன அமிலேஸைத் தடுக்கும் புரதம்தான் இது. இது புதிய சரக்கும் அல்ல. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'மாச்சத்துத் தடுப்பான்' என்று அமோகமாக விற்றது. 1982இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் விற்பனையை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு ஆட்களில் செய்து பார்த்தபோது, உண்ட மாச்சத்து வழக்கம்போலச் செரித்தது தெரியவந்தது. நம் கணையம் தேவைக்குப் பல மடங்கு அமிலேஸைச் சுரக்கிறது. கொஞ்சத்தை அடைத்தால் மிச்சம் வேலையை முடித்துவிடும். பிற்காலத்தில் வந்த செறிவான சாறுகள் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனியைச் சற்றுக் குறைப்பதாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு. செரிக்காத மா பெருங்குடலில் புளித்து வாயுவாகும், வயிறு பொருமும். நீரிழிவு மருந்துக்கு மாற்றாக அதை வைக்க முடியாது.

இதைவிட முக்கியமாக ஒன்று. 'குளிசை எதற்கு, போஞ்சி விதையையே பச்சையாக அரைத்துக் குடிக்கலாமே' என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சிவப்பு, வெள்ளைப் போஞ்சி விதைகளில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நாலைந்து பச்சை விதையே போதும். 1 முதல் 3 மணித்தியாலத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். 5 மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணித்தியாலம் கொதிக்கவைத்தால் நஞ்சு அழியும். பிரஷர் குக்கரில் அவித்தாலும் சரி. மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைக்கும் மின் அடுப்புப் பானையில் மட்டும் போடாதீர்கள். அந்தச் சூடு கொதிநிலைக்குப் போகாது. அரைவேக்காட்டு விதை பச்சை விதையைவிட மோசமாகக்கூட ஆகலாம்.

நன்றாக அவித்தால் நச்சுப் புரதத்தோடு அமிலேஸ் தடுப்பானும் அழிந்துவிடும். பச்சையாக வைத்தால் இரண்டும் இருக்கும், அவித்தால் இரண்டும் போகும். வீட்டு அடுப்பில் ஒன்றை மட்டும் காப்பாற்ற வழியில்லை.

வத்தளையிலிருந்து ஒரு வாசகர்: வயது 52, எச்பிஏ1சி (மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 7.8. மெட்போமின் எடுக்கிறேன். காலையில் இடியப்பம் அல்லது பாண், மதியம் சோறு, இரவு பிட்டு. பருப்பு தினமும் உண்டு. இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

உங்கள் கடிதத்தில் 'பருப்பு தினமும் உண்டு' என்ற வரியில்தான் விடயம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். குவித்த சோறு, அதன் உச்சியில் இரண்டு கரண்டி பால்விட்ட மைசூர் பருப்பு, பாதி பருப்பு, பாதி தண்ணி. அதில் புரதம் மூன்று நாலு கிராம்தான். அது சோறு இறங்குவதற்கான குழம்பு, பருப்புச் சாப்பிட்டதாகாது.

2012இல் கனடாவின் ரொறொன்ரோவில் 121 நீரிழிவு நோயாளிகளில் ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினர் தினமும் ஒரு கோப்பை, அதாவது 190 கிராம் அளவு அவித்த பருப்பு பயறு வகை உண்டார்கள். மற்றவர்கள் தவிட்டோடு கூடிய கோதுமை உணவு. மூன்று மாதத்தில் பயறு உண்டவர்களுக்கு எச்பிஏ1சி 0.5 புள்ளி இறங்கியது, மற்றவர்களுக்கு 0.3. மெட்போமின் வழக்கமாக 1 புள்ளி அல்லது சற்றுக் கூடக் குறைக்கும். ஆகவே பயறு குளிசையின் இடத்துக்கு வராது. ஆனால் குளிசையோடு சேர்ந்து உழைக்கும், அதுவும் சந்தையில் கிலோக் கணக்கில் வாங்கக்கூடிய சாமான்.

ஏன் வேலை செய்கிறது? புரதம் ஒரு பங்கு: இரைப்பை மெதுவாகக் காலியாகும், ஜிஎல்பி-1 சுரப்பு கூடும், பசி அடங்கும். பெரும்பங்கு நார்ச்சத்துக்கும், விதையின் உயிரணுச் சுவர்களுக்குள் பூட்டிக் கிடக்கும் மாச்சத்துக்கும் உரியது. காலையில் உண்ட பயறு மதியச் சோற்றின் சீனி ஏற்றத்தையும் குறைக்கும். இதை ரொறொன்ரோவில்தான் 1982இலேயே காட்டினார்கள்.

அளவுக்கு வருவோம். ஒரு நாளைக்கு 60 கிராம் உலர்ந்த பயறோ கௌப்பியோ கடலையோ அவித்தால் 140, 150 கிராம் வரும். அதில் புரதம் 13 கிராம் அளவு. இதைச் சோற்றுக்கு மேலே கூட்டாமல் சோற்றின் இடத்தில் வைக்க வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். 100 கிராம் சோற்றில் மாச்சத்து 28 கிராம். 100 கிராம் அவித்த கௌப்பியில் 21 கிராம், அதிலும் 6 கிராமுக்கு மேல் நார். சோற்றைக் குறைக்காமல் கௌப்பியைக் கூட்டினால் மொத்த மாச்சத்து ஏறும், சீனியும் ஏறும். பிறகு 'பயறு எனக்கு ஒத்துவரவில்லை' என்று கைவிடுவார்கள். வழக்கமாக இரண்டு கோப்பைச் சோறு என்றால் ஒன்றாக்கி, இரண்டாவதன் இடத்தில் முக்கால் கோப்பை கௌப்பியும் ஒரு கீரையும் வையுங்கள்.

சாப்பிடும் வரிசையும் உதவும். புரதத்தையும் மரக்கறியையும் முதலில் உண்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மாச்சத்து உண்டால் அதே உணவுக்குச் சீனி குறைவாக ஏறுகிறது. எல்லாவற்றையும் பிசைந்து உண்பது நம் கைப்பழக்கம். அதை விடச் சொல்லவில்லை. ஒரு சிறு கிண்ணம் அவித்த பயறும் வல்லாரைச் சம்பலும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றுத் தட்டுக்கு வாருங்கள்.

சமையலில் கவனிக்க வேண்டியவை: கடலைக்கு 10, 12 மணித்தியாலம், கௌப்பிக்கு 6 முதல் 8, முழுப் பயறுக்கு 4, 5 மணித்தியாலம் ஊற வேண்டும். கொழும்பு வெக்கையில் இரவு முழுக்க அடுப்படியில் கிடந்த கடலைத் தண்ணீர் விடிய நுரைத்துப் புளித்து நாறும். குளிரூட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். புளியும் தேசிக்காயும் கடைசியில் மட்டும். முதலிலேயே விட்டால் தோல் இறுகி வேகாது. அப்பச் சோடா போட்டால் சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் தயமின் விற்றமின் போய்விடும், பயறும் குழைந்துபோகும். ஒரு மணியை எடுத்து விரலால் நசுக்கினால் உள்ளே மாவாக நசிய வேண்டும், தோல் உரியாமல் இருக்க வேண்டும். அதுதான் பதம். ஒரு மணித்தியாலம் அவித்தும் கல்லாக இருந்தால் பழைய சரக்கு. அடுத்த முறை கடையை மாற்றுங்கள்.

வயிறு ஊதும் என்று பயப்படுபவர்கள் இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி மூன்று வாரத்தில் முழு அளவுக்குப் போகலாம். மெட்போமின் தொடங்கும் வாரத்தில் பயறைக் கூட்டாதீர்கள். மெட்போமினே முதலில் வயிற்றை இளக்கும், பழி பயறின் மேல் விழும்.

பயற்றம் பணியாரமும் கடலை வடையும் இந்தக் கணக்கில் வராது. ஒன்றில் சர்க்கரை, மற்றதில் எண்ணெய். இரவுப் பிட்டில் அரிசி மாவின் கால்வாசிக்கு வறுத்த உளுத்தம் மா சேர்க்கலாம். அதற்குமேல் போனால் பிட்டு உதிராது, கட்டிப்படும்.

மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகி: வெந்தயம் ஊறின தண்ணீரில் இருப்பதும் புரதமா? பாட்டி காலத்திலிருந்து குடிக்கிறோம்.

வெந்தயத்தில் நாலில் ஒரு பங்கு புரதம் உண்டு. ஆனால் சீனியைக் குறைக்கும் வேலையில் முன்னிற்பது கலக்டோமனன் என்ற வழுவழுப்பான நார். ஊறிய விதையை விரலில் தேய்த்தால் வழுக்குமே, அதுதான். அதன் பெரும்பங்கு விதையிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீரைக் குடித்துவிட்டு விதையைக் கொட்டினால் பயன் அதோடு போகிறது. விதையை மென்று விழுங்குங்கள். 1 தேக்கரண்டியில் தொடங்கி 2 வரை. மருந்துக்கும் வெந்தயத்துக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள், அந்த வழுவழுப்பு குளிசை உறிஞ்சுவதைத் தாமதப்படுத்தும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் குளிசை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருந்தளவில் எடுக்கக்கூடாது. கறிக்குத் தாளிக்கும் வெந்தயத்தில் பயமில்லை.

கொள்ளுப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர்: மகன் மெல்பேணிலிருந்து லூப்பின் மா அனுப்பியிருக்கிறான். ரொட்டி சுடலாமா?

வீட்டில் யாருக்காவது கச்சான் ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேளுங்கள். கச்சானும் லூப்பினும் நெருங்கிய உறவு. கச்சான் சேராதவர்களில் சிலருக்கு லூப்பினும் சேராது, மூச்சு அடைக்கும் அளவுக்குப் போகலாம். ஐரோப்பாவில் லூப்பின் சேர்த்த உணவுப் பொதியில் ஒவ்வாமை எச்சரிக்கை கட்டாயம். அந்தப் பயம் இல்லையென்றால், கோதுமை மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மாற்றாகச் சேருங்கள். பசைத்தன்மை இல்லாததால் அதற்குமேல் போனால் ரொட்டி பிளந்துபோகும்.

மா கசந்தால் பாவிக்காமல் கொட்டிவிடுங்கள். கசப்பு லூப்பினில் ஸ்பார்டீன், லூபனின் என்ற நச்சுக் காரங்கள் உண்டு. நாட்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்துத்தான் எடுப்பார்கள்.

புறக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: 'நூறு வீதம் மூலிகை விதை' என்று ஒரு தூள் வாங்கினேன். ஐந்து நாளில் 240 இருந்த சீனி 95க்கு வந்துவிட்டது. அருமையான மருந்து. டொக்டரிடம் சொல்லத்தான் வேண்டுமா?

இன்றே சொல்லுங்கள். எந்த விதையும் ஐந்து நாளில் இப்படி இறக்காது. பல நாடுகளில் இத்தகைய 'மூலிகை' நீரிழிவுத் தூள்களைப் பரிசோதித்தபோது, லேபலில் எழுதாத கிளிபென்கிளமைட்டும் (கிளிக்லசைட் வகையைச் சேர்ந்த மருந்து) மெட்போமினும் கலந்திருப்பது தெரியவந்திருக்கிறது. உங்கள் கிளினிக் குளிசையோடு அதுவும் சேர்ந்தால் இரட்டை அளவு. கிளிபென்கிளமைட் இறக்கிய சீனி, சீனித் தண்ணீர் குடித்து ஏறிய பிறகும் சில மணித்தியாலத்தில் மறுபடி விழும்; முதியவர்களும் சிறுநீரகம் பலவீனமானவர்களும் தூக்கத்திலேயே மயங்கிப்போகலாம். பொதியை எறியாமல், மிச்சத் தூளோடு டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரவு படுக்குமுன் ஒருமுறை சீனி பாருங்கள்.

கல்கிசையிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு நீரிழிவோடு, சிறுநீரகம் பலவீனமாவதைக் காட்டும் கிரியற்றினினும் இரத்தத்தில் கூடியிருக்கிறது. இறைச்சியை விட்டுவிட்டார், தினமும் சோயா மீற். நல்லதுதானே?

இறைச்சியைக் குறைத்தது நல்லது. அளவில் கவனம் வேண்டும். டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளிக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுக் கணக்கு. அப்பா 60 கிலோ என்றால் 48 கிராம். உலர்ந்த சோயா மீற்றில் பாதி புரதம். 100 கிராம் பொதியை அவர் ஒருவரே முடித்தால் ஒரு நாளுக்கான முழுப் புரதமும் அதிலேயே போய்விடும், சோற்றிலும் பருப்பிலும் வருவது மேலதிகம். 25, 30 கிராம் போதும். உள்ளே வரும் மசாலாப் பொதியில் உப்பு நிறைய. அதை விட்டுவிட்டு வீட்டுத் தூள் போடுங்கள். கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து தண்ணீரைக் கொட்டுங்கள். இரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்தால், பயறு கடலையையும் ஊறிய தண்ணீரும் அவித்த தண்ணீரும் கொட்டித்தான் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை அவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்து கிளினிக்கில்தான் சொல்ல முடியும்.

மருதானையிலிருந்து ஒரு உயர்தர மாணவி: லூப்பின் புரதம் எப்போது மருந்தாகும்?

தேதி சொல்ல முடியாது, படிகளைச் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் புரதத்தை எடுக்க வேண்டும்; விதையிலிருந்து பிரிக்கலாம், மரபணுவை பக்டீரியாவுக்குள் வைத்தும் செய்யலாம். பக்டீரியா செய்யும் புரதத்தில் செடி ஒட்டும் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்காது, அதனால் மடிப்பும் உறுதியும் மாறக்கூடும். முழுப் புரதமா, அதன் ஒரு துண்டா வேலை செய்கிறது என்று கண்டறிய வேண்டும். ஒவ்வாமை தூண்டும் பகுதியை நீக்க வேண்டும். பிறகு விலங்குகள், சில பத்து ஆட்கள், சில நூறு நோயாளிகள், அதன்பின் ஆயிரக்கணக்கானோர். மெட்போமினின் கதையையும் படித்துப் பாருங்கள். கலேகா என்ற செடியிலிருந்த நச்சுத்தன்மையான குவானிடின் சேர்மத்திலிருந்து தொடங்கி, அதன் உறவான பாதுகாப்பான மூலக்கூறைத் தேடிப் பிடித்து, 1957இல் பிரான்சில் ஜோன் ஸ்டேர்ன் நோயாளிகளில் பாவித்தார். செடி வழி காட்டியது. மருந்தானது வேறொரு மூலக்கூறு.

வெள்ளவத்தையிலிருந்து இன்னொரு வாசகர்: பயறு எனக்குப் பலன் தருகிறதா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்ட்ரிப் விலை கூடிவிட்டது.

நாலு ஸ்ட்ரிப் போதும். முதல் நாள் வழக்கமான காலை உணவு. சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்து, உண்ணுமுன் ஒருமுறை. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறை. மாம்பழம் வெட்டிய கையோடு குத்தினால் பொய்யாக ஏறிக் காட்டும். மூன்று நாள் கழித்து, அதே நேரம், அதே குளிசை, அதே அளவு நடை. இடியப்பத்தில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் முக்கால் கோப்பை அவித்த கௌப்பி. அதேபோல இரண்டு முறை. இரண்டு நாளிலும் எவ்வளவு ஏறியது என்ற வித்தியாசத்தை ஒப்பிடுங்கள்.

வீட்டு மீற்றர்கள் 15 வீதம் அளவு கூடக்குறையக் காட்ட அனுமதி உண்டு. 180 என்று காட்டினால் உண்மை 153 ஆகவும் இருக்கலாம், 207 ஆகவும் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வித்தியாசத்தைக் கண்டு குதிக்கவும் வேண்டாம், சோரவும் வேண்டாம். 40, 50 குறைந்தால் அது பயறின் வேலை. உண்ட அளவு, நேரம், எண் மூன்றையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். இதே பழக்கத்தில் மூன்று மாதம் போன பிறகு எச்பிஏ1சி எடுத்துப் பாருங்கள். குளிசையைக் குறைப்பதா என்ற பேச்சை அந்த எண்ணோடும் கொப்பியோடும் டொக்டரின் மேசையில் தொடங்குங்கள்.